பேட்டை போகாத கத்தி

இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது: உன் மடக்குக் கத்திக்கு இன்று காலை புதுக் கைப்பிடி போட்டாயிற்று. தண்டோரா போட ஆள் சிக்காததால் உனக்கு மட்டும் எழுதுகிறேன்லே. முறிந்துபோன நம் கிரிக்கெட் மட்டையிலிருந்து இரண்டு சில்லு அறுத்தேன். சைக்கிள் கம்பியை நறுக்கி ஆணியாக அடித்தேன். மரத்தூள் வாசத்தையும் மீறி அந்த அலகில் இன்னும் வாழைக்கறை வாடை. உங்க அப்பா பூக்கடையில் நார் அறுத்த வாடை. அதுதான் என்னைத் தூக்கி அந்தப் பேருந்துக்குள் போட்டது.

ஊர்ச்சண்டை என்று போலீஸ்காரர்கள் வண்டிகளை நிறுத்திச் சோதனை போட்ட சமயம். அப்போது பார்த்தா எருமைக்கொம்புப் பிடி உடைய வேண்டும்? "பேட்டைக் கொல்லன் பட்டறையில குடுத்தா ஒரு மணி நேரத்துல போட்டுருவான்லே" என்று கிளம்பிவிட்டாய். கல்லிடைக்குறிச்சியில் ஏறும்போதே வேண்டாம் என்று சொல்ல வந்தேன். பயந்தாங்கொள்ளி என்பாயே என்று விழுங்கிவிட்டேன்.

பத்தமடை தாண்டியதும் வண்டி நின்றது. போலீஸ்காரர் ஒருவர் ஏறினார். கத்தி இருந்தது உன்னிடம். கத்த வேண்டும்போல் இருந்தது எனக்கு.

"பையில என்னலே?"

"கத்தி, சார்."

பொய் சொல்லத் தெரியாத பயலோடு எதற்கு வண்டி ஏறினேன் என்று நொந்துகொண்டேன்.

"எடுத்துக் குடு."

எடுத்தாய். ஆனால் கொடுக்கவில்லை. குனிந்து அவர் காலடியில் மெல்ல வைத்தாய். பின்சீட்டில் ஒரு அக்கா "முருகா" என்றாள். லத்தி உயர்ந்துவிட்டது.

"கையில குடுன்னா கீழயா போடுத?"

"கத்திய கையில குடுத்தா சண்டை வரும்னு எங்கம்மை சொல்லுவா, சார். உங்ககூடச் சண்டை வேண்டாம்னுதான்."

லத்தி அந்தரத்தில் நின்றது. அவர் குனிந்து எடுத்து, ஒரு பக்கம் பிடியில்லாத இரும்பைப் புரட்டினார்.

"பூக்கட்டுத கத்தி சார். மோந்து பாருங்க."

மோந்தே பார்த்துவிட்டார். அப்புறம் உன் கையில் தராமல் சீட்டின் மேல் வைத்தார். "இறங்கி வீட்டைப் பாத்துப் போங்கலே. எல்லாரும் என்னை மாதிரி கேட்டுக்கிட்டு நிக்க மாட்டாங்க."

எதிர் வண்டிக்குக் காத்து நின்றபோது நீ சொன்னாய்: "ஏலே, உன் பல்லு கடகடத்தது எனக்கே கேட்டுச்சு." இன்ஜின் சத்தம் என்றேன்.

அந்த மழைக்காலத்தில் காமாலை உன்னைக் கொண்டுபோனது. 'அவன் சாமான், நீயே வச்சுக்கோ' என்று உங்கம்மை கத்தியை எனக்குத் தந்தாள். போலீஸை எதிர்த்துப் பேசியது நான்தான் என்று பள்ளிக்கூடம் முழுக்க அளந்து வைத்திருக்கிறேன். மறுத்துச் சொல்ல நீ இல்லையே. இப்போது மறுபடி வண்டிகளை நிறுத்துகிறார்கள். கத்தியைப் பையில் போட்டுக்கொண்டே போய் வருகிறேன், எவனுக்கும் பயப்பட மாட்டேன் என்றும் சொல்லித் திரிகிறேன்.

உன்னிடம் மட்டும் உள்ளதைச் சொல்கிறேன். ஆணியை வேண்டுமென்றேதான் அவ்வளவு இறுக்கி அடித்தேன். அலகு வெளியே வராது. நகம் பெயர இழுத்துப் பார்த்துவிட்டேன். யாராவது திறந்து காட்டச் சொன்னால், "இது திறக்காது சார்" என்று சொல்லுமளவுக்குத்தான் எனக்குத் தைரியம். அதையும் திக்காமல் சொல்வேனா என்று தெரியவில்லை.