அப்படி யாரும் இங்கே இல்லை

தேங்காயைக்கூட மூன்று முறை தட்டிப் பார்த்தே வாங்கிய என் நைனாவுக்கு,

நலமா என்று கேட்டால், "இன்னாத்துக்குக் கேக்குற? இன்னா வோணும்?" என்பாய். அதனால் கேட்கவில்லை. திருவொற்றியூர் அப்படியேதான் இருக்கிறது. மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்றடித்தால் இன்னும் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். அம்மாவுக்குக் காது மந்தம். அதுவும் நான் காபி கேட்கும்போது மட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் ஃபைலைக் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். ஆமாம், அந்தப் பாஸ்போர்ட் ஃபைல்தான். துபாய் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை கைக்கெட்டியும், போலீஸ் விசாரணையில் பாஸ்போர்ட் நின்றுபோனதே, அதுதான். சாகும்வரை நீ சொன்னது ஒன்றே: "ஆரோக்கியம் போட்டுக் குடுத்துட்டான்டா."

எதிர்வீட்டு ஆரோக்கியம் மாமா. உன் தோஸ்து. விசாரிக்க வந்த ஆளிடம் அவர் டீக்கடை வாசலில் பேசியதை யாரோ பார்த்து உன் காதில் போட்டார்கள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? இல்லை. அவர் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்ப்பதையே விட்டாய். நான் உன் பிள்ளை அல்லவா? நீ போன அன்று மாலையோடு வந்தவரை வாசலிலேயே மறித்தேன். "துரோகி மாலை எங்க நைனாவுக்கு வேணாம்" என்று வசனம் வேறு. மனுஷன் மாலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்து திரும்பிப் போனார்.

அந்தத் துரோகத்தைச் சர்க்கார் முத்திரையோடு பார்த்துவிட வேண்டும், தெருவுக்கே படித்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

பாஸ்போர்ட் அலுவலகத்தில் இருந்த அம்மாள் என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இது இன்னொருத்தரோட தனிப்பட்ட தகவல் சார். அவர் சம்மதம் வேணும்."

"அவர் செத்துட்டார் மேடம்."

"அதுக்கு ப்ரூஃப்?"

நீ செத்ததற்கு ஒரு சான்றிதழ், நான் உன் பிள்ளை என்பதற்கு ஒரு சான்றிதழ். இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உன் பார்வையேதான். நமக்கு ஏதாவது சொந்தமா நைனா?

'கோப்பு கிடைக்கவில்லை' என்று முதல் பதில். ஒளிக்கிறார்கள் என்று முடிவுகட்டி மேல்முறையீடு செய்தேன். இரண்டாவது பதில் பதிவுத் தபாலில் வந்தது. வந்த வேகத்தில் திரும்பியும் போனது. புதுப் போஸ்ட்மேன், காக்கிச் சட்டை இல்லை. உன் மருமகள் கதவை அரை அடி திறந்து, "அப்டி யாரும் இங்க இல்லப்பா" என்று அனுப்பிவிட்டாள்.

"எவனோ கலர் சட்டைய மாட்டிகினு வந்து உன் பேர முழுசா சொல்றான்யா! முழுப்பேர் சொல்றவன் நல்லதுக்கா வருவான்?" என்று என்னிடம் விளக்கம் வேறு.

தொப்பையைத் தூக்கிக்கொண்டு நான்கு தெரு ஓடி அந்தப் போஸ்ட்மேனைப் பிடித்தேன். நான் நான்தான் என்று அவனிடமும் நிரூபிக்க வேண்டியிருந்தது.

உறைக்குள் ஒரே ஒரு தாள், அன்றைய போலீஸ் விசாரணை அறிக்கை. 'எல்லப்பன் என்ற பெயரில் இங்கு எவரும் வசிக்கவில்லை, வசித்ததும் இல்லை என எதிர்வீட்டு ஆரோக்கியம் உறுதிபடக் கூறினார். மேற்படி முகவரியில் இருந்த பெண்மணியும் அவ்வாறே கூறினார்.'

பெண்மணியா? அப்போது நம் வீட்டில் எத்தனை பெண்மணி நைனா?

அம்மாவின் காதில் கத்தினேன். "யம்மா, நைனாவத் தெரியாதுன்னா சொன்ன?"

"பின்ன? அந்தக் காலத்து ஸ்ட்ரைக்குல போலீஸு அவரத் தேடுனப்போ தெரு பூரா சொல்லி வச்சது யாரு? உங்க நைனாதான். எவன் வந்து என் பேரக் கேட்டாலும் அப்டி யாரும் இல்லன்னு சொல்லுங்கன்னாரு. ஸ்ட்ரைக் முடிஞ்சிது. சொன்னத வாபஸ் வாங்கினாரா?"

"பாஸ்போர்ட்டுக்குப் போட்டிருந்தாரேம்மா?"

"எங்கிட்டயே சொல்லலியேடா! கண்ணு பட்டுடும்னு கமுக்கமா வச்சிகினாரு. பாஸ்போர்ட்டு இல்லன்னு ஆனப்புறம்தான் எனக்கே தெரியும்."

கண்ணு படவில்லை நைனா. உன் உத்தரவுதான் பட்டது. ஆரோக்கியம் மாமா அதை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றியிருக்கிறார். அதற்குத்தான் நீ அவரோடு பேசவில்லையா? அதற்குத்தான் நான் அந்த மாலையைத் திருப்பினேனா?

பத்தடித் தெரு. கடக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. நேற்று மாலை போய்க் கதவைத் தட்டினேன். "மாமா, எல்லப்பன் புள்ள வந்துகீறேன்."

உள்ளே இருமல் நின்றது. பிறகு அவர் குரல்: "எல்லப்பனா? அப்டி யாரும் இங்க இல்லியேப்பா."

இது கோபமா நைனா? இல்லை, உன் உத்தரவு இன்னும் நடப்பில் இருக்கிறதா? ஊரையே சந்தேகப்பட்ட எனக்கு இதை மட்டும் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. தாளின் நகலைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தேன். இன்று காலை பார்த்தேன், வெளியே முனை தெரியவில்லை. யாரோ எடுத்திருக்கிறார்கள்.

இன்று மாலையும் தட்டுவேன். நாளையும் தட்டுவேன். திறக்கிற அன்று, மன்னிப்புக் கேட்டு, புதிதாக ஒரு மாலை வாங்கி அவர் கையில் கொடுத்து, நம் வீட்டுக்கு அழைத்துவந்து உன் படத்துக்குப் போடச் சொல்வேன். அப்போதாவது முறைக்காமல் இரு.

அப்படி ஒருவர் இங்கேதான் இருந்தார் என்று எங்கே வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கும்,
உன் மூத்த பிள்ளை