வண்டிக் கதவை அடைத்தது நான்

பிப். 12, வியாழன்

காலையிலேயே நல்ல வெயில். ரப்பர் தளிர்விட்டுத் தேன் இறங்கும் சமயம். கல்யாண வீட்டிலிருந்து திரும்பும் வழியில், தேனீப் பெட்டிகளைப் பார்க்க ரப்பர் தோட்டத்தில் வண்டியை நிறுத்தினேன். மனைவி ரோஸ்லெட், வேண்டாம் என்றாள். தலையில் பிச்சிப்பூ, சேலையில் சென்ட். நான் கறுப்புக் கோட்டு. பூ, சென்ட், கறுப்புத் துணியோடு தேனீப் பக்கம் வராதே என்று வேலைக்காரர்களை முப்பது வருசமாக ஏசுகிறவன் நான். ரெண்டே நிமிசம் என்று அவளைக் கையோடு இறக்கிக் கூட்டிப்போனேன்.

அயனி மரத்து உச்சியில் மலைத்தேனீக் கூடு. பருந்து வந்து கூட்டை அடித்தது. இரைச்சல், பிறகு ஈக்கள் கிளம்பி வெயிலே மறைந்த மாதிரி.

ஓடினேன். வண்டிக்குள் ஏறிக் கதவை அடைத்தேன். அவள் வெளியே. கண்ணாடியைத் தட்டினாள். என் கை கதவை உள்ளிருந்து இழுத்துப் பிடித்திருந்தது. எவ்வளவு நேரம், தெரியாது. பிறகு திறந்தேன். அதற்குள் காவல்காரர் தங்கையன் நனைந்த சாக்கால் அவளை மூடியிருந்தார். இரண்டு பேருமாக உள்ளே இழுத்தோம்.

ஆஸ்பத்திரி. அவளுக்கு நாற்பது கொடுக்குக்கு மேல். எனக்கு மூன்று. விடியட்டும், பார்க்கலாம் என்கிறார் டாக்டர்.

பிப். 13, வெள்ளி

மூச்சு சீர். கஞ்சித் தண்ணீர் இரண்டு கரண்டி இறங்கியது. முகம் வீங்கிக் கண்ணே தெரியவில்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

வாங்க: பிளாஸ்க், துண்டு, போன் சார்ஜர்.

மத்தியானம் சபை ஆட்கள். வண்டிக் கதவு மாட்டிப் போச்சாம், பாவம் மனுசன் உள்ளே கிடந்து பாடுபட்டாராம். அவர்களிடம் அப்படிச் சொன்னது ரோஸ்லெட். நிசமாகவே அப்படி நினைக்கிறாளா? கேட்கவில்லை. வியாபாரப் புத்தி. தானாக வந்த நல்ல பேரை யார் திருப்பிக் கொடுப்பார்கள்.

கஞ்சி எனக்கு இறங்கவில்லை.

பிப். 14, சனி

மேகமூட்டம். தோட்டம் போய் வந்தேன். பெட்டிகளுக்குச் சேதமில்லை.

தங்கையனின் நாய் அன்றைக்கு என் வண்டிக்கு அடியில் சுருண்டதாம். இன்றும் சோற்றுக்கு வரவில்லை. அவர் கோழி குஞ்சுகளை இறக்கைக்குள் வைத்து அசையாமல் இருந்திருக்கிறது. ஒரு கண் போயிற்று. எட்டுக் குஞ்சும் உயிரோடு உண்டு.

"அதுக யோசிச்சா செய்யுது, முதலாளி? பேடி, பயம் வந்தா காலு அதுபாட்டுக்குப் போவும்." என்றார் தங்கையன். கதவை நான் பிடித்திருந்ததைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அதைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பெட்டித்தேனீயும் அப்படித்தான். புகை போட்டால் தீ என்று நினைத்து, ஓடுவதற்குமுன் வயிறு முட்டத் தேன் குடிக்கும். குடித்தபிறகு கொட்டாது. அதன் பயத்தை வைத்துத்தான் வீடு கட்டினேன். என் பயத்தை இப்போதுதான் நேரில் பார்க்கிறேன். நாயா, கோழியா? கேள்வியே வேண்டாம்.

பிப். 16, திங்கள்

வீக்கம் வற்றிவிட்டது. நாளை வீட்டுக்குப் போகலாமாம். ஆரஞ்சு உரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். கதவு மாட்டவில்லை, நான்தான் பிடித்திருந்தேன்.

"தெரியும். கண்ணாடிக்கு வெளிய நின்னு ஒங்களுக்க கையத்தான பாத்துட்டு நின்னேன்."

உரித்த ஆரஞ்சை அவள் மடியில் வைத்தேன்.

"நான் முந்தி ஏறியிருந்தா நானும் அடச்சிருப்பேன். சேல தடுக்கிச்சி, பிந்திட்டேன்." ஆரஞ்சைப் பிட்டுக்கொண்டே, "பெறவு எதுக்குத் தெறந்தீங்க?"

தெரியவில்லை என்றேன். அதுவும் யோசித்துச் செய்ததில்லை. கொட்டும் என்று தெரியும், கை திறந்துவிட்டது.

சிரிக்கப் பார்த்தாள். உதடு வலித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"சபையில கதவு மாட்டுனதாவே இருக்கட்டும். நமக்குள்ள தெரிஞ்சா போதும்."

சரி என்றேன். ஆரஞ்சில் பாதியை என் கையில் வைத்தாள். நல்ல புளிப்பு. தின்றேன்.