வயிறு நிறைந்த பிறகு

6 மார்ச் 1966, ஞாயிறு

ஹனீப் வந்தான், கையில் ஜாம் பாட்டில், உள்ளே பெட்டை ஃபைட்டர் மீன். விக்ரோலி ஃபாக்டரி டூல் ரூமில் எனக்குப் பக்கத்து மெஷின்காரன். நாளை மனைவி சைனபோடு ஒரு மாத லீவில் மேலப்பாளையம் போகிறான். திரும்பி வரும்வரை மீன் என்னிடம். என்னுடைய சிவப்பு ஆணோடு சேர்த்துக் குஞ்சு எடுக்கலாம் என்பது எங்கள் இருவர் யோசனை. மார்க்கெட்டில் ஆண் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். பெட்டைக்கு நிறம் இல்லை, நீள வால் இல்லை; எவனும் வாங்குவதில்லை, அதனால் எவனும் விற்பதில்லை. ஹனீப் எட்டு மாதம் அலைந்து பிடித்தது இது ஒன்றுதான்.

"ஒண்ணா விட்டா ஆண் அடிச்சே கொன்னுரும்ல. லாந்தர் கண்ணாடியைத் தொட்டிக்குள்ள நிறுத்தி, பொட்டையை அதுக்குள்ள விடு. ரெண்டும் பாத்துக்கிடட்டும். ஆண் நுரை கட்டணும், பொட்டைக்கு வயிறு நெறையணும். அதுக்குப் பொறவு கண்ணாடியைத் தூக்கு. சைனப் வளத்தது மாப்ள. உசுரோட திரும்ப வேணும்."

இதையே நாலு தடவை சொன்னான். இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு பார்த்து வேலை செய்கிறவனிடம்!

8 மார்ச்

ஆண் நீர்மட்டத்தில் நுரைக்கூடு கட்டுகிறது. மதினி பருப்புக் கரண்டியோடு வந்து அதை வழித்தெடுக்கப் போனாள். கத்திவிட்டேன்.

"பருப்புல பொங்குறதை எடுத்து எடுத்துக் கை தன்னால போயிட்டு. அதுக்கு ஏன் இந்தச் சத்தம் கொழுந்தனாரே? உங்க அண்ணன் தூங்குதாவ."

ஒரே அறை. அண்ணன், மதினி, நான், இப்போது தொட்டி வேறு.

கொசுப்புழு இரண்டு வேளையும் போடுகிறேன். தாராவியில் ரேஷன் கார்டு இல்லாமல் கிடைப்பது அது ஒன்றுதான்.

9 மார்ச், காலை

பெட்டைக்கு வயிறு உருண்டுவிட்டது. நுரையும் தயார். ஹனீப் சொன்ன இரண்டும் சரி. கண்ணாடியைத் தூக்கிவிட்டேன். லோக்கல் ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

அதே நாள், மாலை

வால் பாதி இல்லை. செதில் உரிந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. நான் கிளம்பிய பத்தாவது நிமிடமே ஆண் துரத்த ஆரம்பித்ததாம். மதினி டீ வடிகட்டியால் பெட்டையை அள்ளிச் செம்பில் போட்டிருக்கிறாள். அவள் பார்க்காமல் இருந்தால் — எழுத வேண்டாம்.

ஹனீப் சொன்னபடிதானே செய்தேன் என்றேன். என்ன சொன்னான் என்று கேட்டாள். சொன்னேன். சிரித்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு —

"வயிறு நெறையணும்னா தீனி தின்னு நெறையிறதா? நெறைசூலின்னு கேட்டதில்லையா? முட்டைல்லா நெறையணும்! டிப்ளமா படிச்சியளே, இதைச் சொல்லித் தரலையா?"

என்னைவிட ஒரு வயது சின்னவள்.

10 மார்ச்

உயிர் இருக்கிறது.

13 மார்ச், ஞாயிறு

புண் ஆற்றுமென்று ஹனீப் தன் தொட்டியில் காய்ந்த பாதாம் இலை போட்டிருந்தது நினைவு வந்து, சயான் ஸ்டேஷன் பக்கம் போய்ப் பொறுக்கி வந்தேன். செம்பிலிருந்து பெரிய ஜாடிக்கு மாற்றினோம். மதினி கல்லுப்பில் இரண்டு பரல் போட்டாள். இன்று ஒரு புழு தின்றது.

ஹனீபுக்கு இன்லண்டு லெட்டர். முதலில் "மீன் சௌக்கியம்" என்று எழுதினேன். கிழித்தேன். அவசரப்பட்டேன், வால் போய்விட்டது, பிழைக்குமா தெரியாது, தப்பு என்னுடையது — இவ்வளவுதான் எழுதிப் போட்டேன். எட்டு மாதம் அலைந்தவன் இனி என்னோடு பேசுவானா?

16 மார்ச்

மதினியின் ஸ்டவ் ஒரு மாதமாகப் புகைகிறது. இன்று பர்னர் கழற்றிச் சுத்தம் செய்து வாஷர் மாற்றினேன்.

"என்ன அதிசயம்!" என்றாள்.

அவளிடம் நன்றி என்று வாயால் சொன்னால் கரண்டியைத் தூக்குவாள்.

23 மார்ச்

ஹனீப் கார்டு போட்டிருக்கிறான். அப்படியே எழுதி வைக்கிறேன்:

"மாப்ள, லெட்டரைச் சைனபிடம் படித்துக் காட்டினேன். முதலில் அழுதாள், பிறகு சிரித்தாள். ஆம்பளையிடம் வயிறு நெறையணும் என்றால் சோத்துப் பானைதான் ஞாபகம் வரும் என்கிறாள். வால் வளர்ந்துவிடும். தேறினால் இன்னொரு தடவை சேர்த்துப் பார். ஆனால் கண்ணாடியை எப்போது தூக்குவது என்பதை உன் மதினி சொல்லட்டும்."

மூன்று தடவை படித்தேன். இவன் எனக்குச் சிநேகிதனாக வாய்த்ததற்கு நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை.

28 மார்ச்

வால் முளைக்கிறது, கண்ணாடித்தாள் மாதிரி. பெட்டை மறுபடியும் லாந்தர் கண்ணாடிக்குள். ஆண் மறுபடியும் நுரை.

இன்றைக்குத் தூக்கலாமா என்றேன்.

"இன்னும் இல்ல."

30 மார்ச்

"இன்னும் இல்ல."

ஏன் என்று காரணம் கேட்டேன். "ராத்திரி உருண்டு இருக்கு, காலையில வத்திப்போவுது. அது தீனி வயிறு. வெறும் வயித்துலயும் உருண்டு இருந்தாத்தான் முட்டை."

சரியான சோதனை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

1 ஏப்ரல்

இன்னும் இல்லை. நான் கேட்கவே இல்லை. அவளாகச் சொன்னாள்.

3 ஏப்ரல், ஞாயிறு

பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். "கொழுந்தனாரே, இங்க வாங்க!"

வயிறு வற்றவில்லை. உடம்பில் குறுக்குக் கோடுகள். வயிற்றுக்கு அடியில், முட்டை வருகிற இடத்தில், உளுந்து மூக்கு மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. அடிபட்ட அன்றைக்கு அது இல்லை என்று மதினி அடித்துச் சொல்கிறாள். நான் அன்றைக்குப் பார்க்கவே இல்லை.

"இப்பத் தூக்குங்க."

கண்ணாடியைத் தூக்கினேன். ஆண் ஒரு தடவை முட்டியது. மதினி வடிகட்டியை ஓங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு பெட்டை தானாகவே நுரைக்கு அடியில் போனது. ஆண் அதை வளைத்துக் கட்டிக்கொண்டது. ரவை மாதிரி முட்டை உதிர்ந்தது. ஒவ்வொன்றையும் ஆண் வாயால் பிடித்து நுரைக்குள் ஒட்டியது. மத்தியானம் வரை இதேதான். அண்ணன்கூட எழுந்து வந்து பார்த்தான். மூன்று பேரும் சாப்பிட மறந்துவிட்டோம்.

முடிந்ததும் மதினி பெட்டையை வடிகட்டியால் எடுத்து ஜாடியில் விட்டாள். முட்டையைக் காக்கிற ஆண் இனி அதை அருகில் விடாது. அடிபடவில்லை. ஒரு செதில்கூடப் போகவில்லை.

5 ஏப்ரல்

நுரைக்கு அடியில் குஞ்சுகள் கமா போட்டது மாதிரி தொங்குகின்றன. எண்ணப் பார்த்தேன். அறுபதுக்கு மேல் முடியவில்லை.

10 ஏப்ரல், ஞாயிறு

ஹனீபும் சைனபும் ஊரிலிருந்து வந்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தார்கள். ஜாடியைக் கொடுத்து, மதினி வெள்ளைப் புள்ளியைப் பார்த்தது வரை நடந்ததைச் சொன்னேன். ஹனீப் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். வாலின் ஒரு ஓரம் இன்னும் கோணல். "இதை இனி எந்தக் கூட்டத்திலயும் அடையாளம் கண்டுக்கிடலாம்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

சைனப் ஜாடியை வாங்கிப் பார்த்துவிட்டு, நேரே மதினி பக்கம் திரும்பினாள். "அந்த வெள்ளைப் புள்ளியை எப்பிடிக் கண்டுபிடிச்சிய?" இருவரும் தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். குஞ்சுகள் தாமாக நீந்துகின்றன. எத்தனை நாளில் ஆணைப் பிரிப்பது, என்ன தீனி, எதில் வளர்ப்பது — எல்லாம் அவர்களே பேசி முடிவு செய்துகொண்டிருந்தார்கள். நான் ஒன்று சொல்ல வாயெடுத்தேன். ஹனீப் என் கையைப் பிடித்து இழுத்தான்.

வெளியே போய் டீ குடித்தோம். கூப்பிடுகிற வரைக்கும் அங்கேயே நின்றோம்.