சீட்டுக்கு அடியில் இரண்டு ஒயர்

மச்சான்,

போன செவ்வாய்க்கிழமை வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். பேத்திக்குச் சேர்க்கை. அவளும் அவள் அம்மாவும் சான்றிதழ்களோடு உள்ளே போய்விட்டார்கள். கிழவனுக்கு உள்ளே என்ன வேலை என்று என்னை வெளியே சிமெண்டு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். எதிரே பெரிய புல்வெளி. அங்கிருந்து வெட்டிய புல்லும் பெட்ரோல் புகையும் கலந்த வாசனை வந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்த வாசனை.

புல் வெட்டும் சிவப்பு வண்டி. புதுசு. மேலே உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். வழியில் ஒரு காலி தண்ணீர் பாட்டில் கிடந்தது. அதை எடுக்கச் சீட்டைவிட்டு எழுந்தார். எஞ்சின் பட்டென்று நின்றது. பாட்டிலை ஓரமாக எறிந்துவிட்டு உட்கார்ந்து மறுபடி கிளப்பிக்கொண்டு போனார். அங்கே இருந்த யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் மட்டும் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. உன்னிடம் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இருக்கும்போது ஒரு போஸ்ட் கார்டு போட்டதில்லை, செத்த பிறகு மடல் எழுதுகிறான் பார் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள்.

உன் பம்பு கம்பெனியில் கதவடைப்பு வந்த வருஷம் அது. எண்பதுகளின் கடைசி. நீ கைதேர்ந்த ஃபிட்டர். ஆனால் நம் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் அப்போது ஃபிட்டர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் சும்மா நின்றார்கள். நான் மண்ணூர்பேட்டையில் வேன்களுக்கும் லாரிகளுக்கும் ஒயரிங் பார்க்கும் கடை வைத்திருந்தேன். காலையில் வந்து என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு, மத்தியானம் ஏதோ வேலைக்குப் போய்த் திரும்பியவன்போல வீட்டுக்குப் போவாய். உன் வீட்டுக்காரி, தங்கச்சி ஸ்டெல்லாவுக்கும் அது தெரியும். தெரியாததுபோல இருந்தாள்.

ஒரு நாள் காயலான் கடையிலிருந்து ஓடி வந்தாய். எஸ்டேட்டில் ஏதோ வெளிநாட்டுக் கூட்டுக் கம்பெனி, ஆபீஸ் முன்னால் புல் வளர்த்து, அதை வெட்ட உட்கார்ந்து ஓட்டும் வண்டி மூன்று இறக்கி, மூன்றையும் கெடுத்துக் கழித்துப் போட்டிருந்தது. காயலான் கடைக்காரர் அலுமினியத்துக்காக அவற்றை உடைக்கப் போகிறார் என்றாய்.

"மாமே, ஒடைக்க உட்டுடாதே. மூணு பொணம் கீது. ஒரு உசுரு எடுத்துடலாம்."

"புல்லு வெட்றதுக்கு வண்டியா? நம்ம ஊர்ல மாடு எதுக்குடா கீது?" என்றேன்.

"மாடு கோடு போட்டு மேயுமாடா?" என்றாய். கடையைச் சாத்திவிட்டு உன் பின்னால் வந்தேன்.

ஒரு உயிர் எடுத்தோம். சும்மா சொல்லக்கூடாது, நீதான் எடுத்தாய். புத்தகம் கிடையாது, படம் கிடையாது, பாகம் கேட்டால் கடைக்காரர்கள் சிரித்தார்கள். பெல்ட்டுக்கு மாவு மில் பெல்ட். கார்புரேட்டர் ஸ்கூட்டருடையது. பிளேடு, லாரியின் பட்டை ஸ்பிரிங்கை அறுத்துச் சாணை பிடித்தது. சீட்டு மட்டும் அதனுடைய சொந்தச் சீட்டு. ஒயரிங் முழுக்க நான். முதல் தடவை எஞ்சின் பேசியபோது நீ சிலுவை போட்டுக்கொண்டாய். நான் பீடி பற்றவைத்தேன். தெருவே கூடி நின்று அதற்குப் "புல்லு வண்டி" என்று பெயர் வைத்தது.

வேலையும் கிடைத்தது. ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பு மைதானம். விளையாட்டு விழாவுக்கு முன்னால் வெட்டித் தர வேண்டும், நன்றாக இருந்தால் வருஷம் முழுக்க உங்களுக்கே என்றார்கள். உனக்கு அது வெறும் புல் இல்லை. மறுபடியும் காலையில் வேலைக்கென்று சொல்லிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புகிற மனுஷனாக ஆவது.

ஆனால் வண்டி நின்று நின்று போனது. சமமான தரையில் ஒழுங்காக ஓடும். மேடு பள்ளத்தில் ஏறினால் செத்துவிடும். மூன்று ஞாயிற்றுக்கிழமை, முதல் பூசை முடிந்த கையோடு வந்து கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினாய்.

"இன்னா எயவோ தெர்ல மாமே. குதிச்சா நின்னுடுது. ஃப்ளோட்டுலதான் இன்னாவோ கீது."

மூன்றாவது ஞாயிறு நீ சாப்பிடப் போனபோது ஒயரைத் தொட்டுக்கொண்டே போய்ப் பார்த்தேன். எஞ்சினுக்குப் போகும் கரண்ட் சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன சுவிட்ச் வழியாகச் சுற்றிக்கொண்டு போனது. சீட்டின் மேல் ஆள் கனம் இருந்தால் கரண்ட் உண்டு. கனம் எழுந்தால் இல்லை. நீயோ ஐம்பது கிலோ. பள்ளத்தில் வண்டி தூக்கிப் போடும்போது சீட்டைவிட்டு அரை அடி எழும்பினாய், எஞ்சின் நின்றது. கார்புரேட்டர் ஒரு பாவமும் அறியாதது.

நம் தொழிலில் எல்லா நோய்க்கும் ஒரே மருந்து உண்டு என்பது உனக்கே தெரியும். டைரக்ட். சுவிட்ச் தொல்லை கொடுக்கிறதா, கழற்றிவிட்டு இரண்டு ஒயரையும் முறுக்கி டேப் சுற்று. அந்தக் காலத்தில் எஸ்டேட்டில் ஓடிய பாதி வேன்கள் டைரக்டில்தான் ஓடின. பாதிக்குக் கொடுத்தவன் நான். இதற்கும் கொடுத்தேன்.

அந்த சுவிட்ச் எதற்கு என்று தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. எழுத மாட்டேன். தெரியும். ஆள் விழுந்தால் வண்டி நிற்பதற்கு. வெள்ளைக்காரனுக்குப் பயம் ஜாஸ்தி, நமக்கென்ன என்று நினைத்தேன்.

அதுகூடப் பெரிதில்லை. நீ சாப்பிட்டுவிட்டு வந்து வண்டியை மேட்டில் ஏற்றினாய், பள்ளத்தில் இறக்கினாய், நிற்கவே இல்லை. கையைத் தட்டிக்கொண்டு வந்தாய்.

"இன்னா மாமே பண்ணே? கையில மந்திரம் கிந்திரம் வச்சிகினு கீறியா?"

"இக்னிஷன் காயில் வீக்கா இருந்துச்சி மச்சான். வேற போட்டேன்" என்றேன்.

ஏன் சொன்னேன்? மூன்று வாரமாக உன்னால் பிடிக்க முடியாததை நான் பிடித்தேன் என்ற பேர் வேண்டும். பிடித்தது வெறும் சீட்டு சுவிட்ச், செய்தது டைரக்ட் என்று சொன்னால் அந்தப் பேர் பாதியாகிவிடும். அவ்வளவு அற்பமான காரணம். நீ தெரு முழுக்க என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாய். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆவடி மைதானத்தில் இரண்டாம் நாள். நான் ஓரத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். பழைய வாலிபால் கம்பத்தின் சிமெண்டு அடிக்கட்டை புல்லுக்குள் மறைந்து கிடந்தது. முன் சக்கரம் அதில் ஏறியது. நீ இடது பக்கம் விழுந்தாய். வண்டி நிற்கவில்லை. நான் ஓடி வந்து சாவியைத் திருப்புவதற்குள் உன் இடது கால் பிளேடு மூடிக்கு அடியில் போய்விட்டது. சுண்டு விரலும் அதற்கு அடுத்ததும். நீ போட்டிருந்த ரப்பர் செருப்பில் பாதியைக் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் எல்லோரும் கேட்டார்கள். குடியிருப்புச் சங்கத்தார் கேட்டார்கள், தங்கச்சி அழுதுகொண்டே கேட்டாள். "என் தப்புதான். நான்தான் முன்னால பாக்கல" என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னாய். நான் கட்டில் பக்கத்தில் நின்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் மைதானத்துக்குத் திரும்பிப் போய், சீட்டைத் தூக்கி, முறுக்கைப் பிரித்து, சுவிட்சை மறுபடி இணைத்துப் புது டேப் சுற்றினேன். ஐந்து நிமிட வேலை. யாராவது பிரித்துப் பார்த்துவிடுவார்களோ என்ற பயம். உன் கால் வெள்ளைத் துணிக்குள் இருக்க, எனக்கு என் பேர் முக்கியமாக இருந்தது.

ஆனால் ஒன்றை யோசிக்காமல் விட்டேன். மூன்று மாதம் கழித்து நீ நொண்டிக்கொண்டே வந்து மறுபடி வண்டியில் ஏறினாய். மைதானத்தில் பத்தடி போனது, ஒரு பள்ளம், நீ எழும்பினாய், எஞ்சின் நின்றது. பழைய வியாதி அப்படியே திரும்பியிருந்தது.

 நீ இறங்கிச் சீட்டைத் தூக்கிப் பார்த்தாய். எல்லா ஒயரும் மண்ணும் எண்ணெயுமாக இருக்க, ஒரே ஒரு இடத்தில் டேப் பளபளவென்று இருந்தது.

"டேப்பு புச்சா கீதே?"

"பழசு பிஞ்சிபோச்சி. மாத்தினேன்."

"ஆங்" என்றாய். சீட்டை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தாய். "ஸ்பிரிங்கு கல்லு மாரி கீது மாமே. நானு ஒல்லி. அதான் தூக்கி அடிக்குது."

மறுநாள் ஏதோ பழைய ஸ்கூட்டர் சீட்டிலிருந்து மெதுவான ஸ்பிரிங் நான்கு எடுத்துப் போட்டாய். ஒரு மணி நேர வேலை. அதன் பிறகு அந்த வண்டி பள்ளத்தில் ஒரு முறைகூட நின்றதில்லை. நீ எழுந்தால் மட்டும் நின்றது. வியாதி சீட்டில் என்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நீ அன்றைக்கே இதைச் செய்திருப்பாய். உன் காலில் ஐந்து விரலும் இருந்திருக்கும். எனக்கு அசிங்கமாக இருந்தது. உன்மேல் கோபமும் வந்தது. ஒரு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அடி விழவில்லை. கேள்விதான் வந்தது.

அதற்குப் பிறகு நாம் பார்த்த வண்டிகள் கொஞ்சமா? தொண்ணூறுகளில் கம்பெனிகளும் கல்லூரிகளும் புல் வளர்க்க ஆரம்பிக்க, பூந்தமல்லி வரைக்கும் எங்கே வண்டி செத்தாலும் நமக்குத்தான் ஆள் வந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒயரிங் முடித்து உன் கையில் சாவியைக் கொடுப்பேன். கிளப்புவதற்கு முன்னால் சாவியைப் பிடித்துக்கொண்டே கேட்பாய்.

"அல்லாத்தையும் சொல்லிட்டியா மாமே?"

"சொல்லிட்டேன்."

பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது தொழில் பேச்சு. வம்பு இல்லை, குத்தல் இல்லை, முகத்தில் சிரிப்புகூட இருக்கும். எனக்கு மட்டும் நீ கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். ஒவ்வொரு முறையும் "சொல்லிட்டேன்" என்று வெளியிலேயே நின்றுவிடுவேன். அந்த வண்டிகள் விஷயத்தில் அது பொய்யும் இல்லை. உன் விபத்துக்குப் பிறகு நான் எதற்கும் டைரக்ட் கொடுத்ததில்லை. ஹார்னுக்குக்கூட இல்லை.

கடைசியாக உன் வீட்டுக்கு வந்தபோது சொல்லிவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டுதான் வந்தேன். மெலிந்துபோயிருந்தாய். ஐம்பது கிலோகூட இருந்திருக்க மாட்டாய். தங்கச்சி காபி கொடுத்தாள். மழை, பேரப் பிள்ளைகள், முட்டி வலி என்று பேச்சு சுற்றிச் சுற்றிப் போனது. எழுந்தேன். வாசல்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாய். கேட்டில் கையை வைத்துக்கொண்டு கேட்டாய்.

"இன்னா மாமே, அல்லாத்தையும் சொல்லிட்டியா?"

வண்டியும் இல்லை, சாவியும் இல்லை. இருந்தும் முப்பது வருஷப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது. "சொல்லிட்டேன்" என்றேன்.

"செரி. பாத்துப் போ" என்றாய்.

பதினோராம் நாள் நீ போய்விட்டாய்.

கல்லூரிக்கு வருகிறேன். அந்தச் சிவப்பு வண்டிக்காரர் நிழலுக்காக என் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நிறுத்தினார். வாய் சும்மா இருக்குமா, பேச்சுக் கொடுத்தேன். வண்டி எப்படி என்றேன்.

"வண்டி சூப்பர் சார். இந்த சீட்டு சுவிட்ச் ஒண்ணுதான் பேஜார். எய்ந்தா நின்னுடுது. மெக்கானிக்கு நாளைக்கி வந்து டைரக்ட் குடுத்துடறேன்னு சொல்லிக்கீறான்."

எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் பயந்துபோனார். உட்காரச் சொல்லி, ஆவடி மைதானத்திலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். உன்னைச் சொன்னேன், பள்ளத்தைச் சொன்னேன், காயில் என்று சொன்ன பொய்யை, விரலை, சாயங்காலம் போய்ச் சுற்றிய டேப்பை எல்லாம் சொன்னேன். டைரக்ட் கொடுத்தவன் யார் என்பதை மட்டும் "ஒரு எலக்ட்ரீஷியன்" என்று சொல்லிக்கொண்டே போனேன் என்பது அவர் கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது.

"எவன் சார் அந்த வெளங்காதவன்? இன்னும் உசுரோட கீறானா?"

"கீறான்" என்றேன். "நான்தான்."

 அவர் எழுந்து போய்ச் சீட்டைத் தூக்கி, அந்த இரண்டு ஒயரையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு சீட்டை மெதுவாக இறக்கினார். "நாளைக்கி அவன வேணான்றேன் சார். ஸ்பிரிங்கு மாத்த முடியுமான்னு கேக்கறேன்" என்றார்.

பேத்தி வந்து கூப்பிட்டாள். முகமெல்லாம் ஏன் தாத்தா ஈரம் என்றாள். வெயில் என்றேன். அது பொய். மறுபடி அவளைக் கூப்பிட்டு, இல்லை, அழுதேன் என்றேன்.

மச்சான், இப்போது அந்தக் கேள்வியைக் கேள்.