ஜெயம்மாள் தூக்க வேண்டிய கதிர்க்கட்டு

திருப்புலிவனம்,
19-1-1979

கர்த்தருக்குள் அன்பான ஜெயம்மாளுக்கு உன் புருஷன் சின்னராசு எழுதுவது. இங்கே நானும் கருப்புக் கோழியும் சுகம். ஆஸ்பத்திரியில் இதை உனக்கு வாசித்துக் காட்டும் நர்ஸம்மாவுக்கும் ஸ்தோத்திரம். அம்மா, நடுவில் என் முட்டாள்தனம் நிறைய வரும். வெட்கப்பட்டுத் தாண்டிவிடாமல் முழுசாக வாசியுங்கள்.

முதலில் ஊர்க்கதை. பக்கத்து வீட்டு முனியன் சைக்கிள் வாங்கியிருக்கிறான். வாங்கின மறுநாளே உத்திரமேரூர் ஏரிக்கரையில் சறுக்கி விழுந்தான். "சைக்கிளுக்கு ஒண்ணும் ஆவல" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே நொண்டி நொண்டி நடக்கிறான். என் சமையலைப் பற்றி நீ கேட்கமாட்டாய் என்றாலும் சொல்கிறேன். நேற்று வைத்த குழம்பைக் கோழிக்கு ஊற்றினேன். அது ஒருதரம் என்னைப் பார்த்தது, ஒருதரம் குழம்பைப் பார்த்தது, பிறகு முனியன் வீட்டுப் பக்கம் போய்விட்டது.

நம் உபதேசியார் புதுச் சட்டம் ஒன்று போட்டிருக்கிறார். மாசிக் கடைசியில் வரும் அறுப்பின் பண்டிகை வரைக்கும் ஞாயிறுதோறும் ஆராதனையில் வீட்டுக்கு ஒருவர் எழுந்து ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். ஜீவன், சுகம், பெலன் என்று மனப்பாடமாக ஒப்பிக்கக் கூடாது. அந்த வாரம் நடந்த காரியமாக இருக்க வேண்டும். ஒருதரம் சொன்னதை மறுபடி சொல்லக் கூடாது. முனியன் எழுந்து, மாமியார் ஊருக்குத் திரும்பினதற்காக ஸ்தோத்திரம் என்றான். பின்னாலிருந்து அவன் பெண்சாதி சிட்டம்மாளின் இருமல் கேட்டது. அன்று அவனுக்கு வீட்டில் சோறு கிடைத்ததா என்று நான் விசாரிக்கவில்லை. நான் ஒரு வாரம் கோழிக்குச் சொன்னேன். அடுத்த வாரம், கூரை ஒழுகல் என் பாய்மேலிருந்து பானைமேல் மாறினதற்குச் சொன்னேன். அதோடு என் சரக்கு தீர்ந்தது.

போன சனிக்கிழமை நர்ஸம்மா போட்ட கார்டு வந்தது. எடை ஏறினால் மாசியில் வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தாரே, அது இப்போது இறங்குகிறதாம். நீ முட்டையைத் தொடுவதில்லை, மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளிக்கிறாய், கேட்டால் "எனுக்காக அங்க யாரு காத்துக்கினு கீறாங்க" என்கிறாய் என்று எழுதியிருந்தார்கள். கார்டை நாலுதரம் படித்தேன். எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். அதனால் ஒவ்வொரு தரமும் மெதுவாகவே வலித்தது.

மறுநாள் கோயிலில் என் முறை வந்தது. எழுந்தேன். சொல்ல ஒன்றுமில்லை. வாய் தானாகத் திறந்து, "ஜெயம்மா சொஸ்தமாயி அறுப்புப் பண்டிகைக்கு வூட்டுக்கு வரா, அதுக்கு ஸ்தோத்திரம்" என்றது. சபை முழுவதும் ஆமென் சொன்னது. நான் சட்டென்று உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் யாரை நிறுத்துவது? சிட்டம்மாள் வந்து, "இன்னாண்ணே, ஜெயா வர்ற வூடா இது, பன்னி வந்தாலும் திரும்பிப் போயிடும்" என்று என்னை வெளியே தள்ளிவிட்டு வீடு முழுக்க மெழுகினாள். வருஷா வருஷம் முதல் கதிர்க்கட்டைத் தலையில் வைத்துப் பீடத்துக்குக் கொண்டுபோக ஒரு பெண்ணைப் பேர் சொல்வார்களே, இந்த வருஷம் உன் பேரைச் சொல்லிவிட்டார்கள். இன்னொரு பேர் சொல்லலாமே என்று நான் முனகினேன். "உனுக்கு ஏன் வவுறு எரியுது" என்று பெண்கள் சண்டைக்கு வந்தார்கள்.

தாங்காமல் உபதேசியாரிடம் போய், நடக்காததைச் சபையில் சொல்லிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று பார்த்தேன். "விதைக்கறப்பவே நான் வயலாண்ட வந்து ஸ்தோத்திர ஜெபம் பண்றேனே, அப்ப நெல்லு எங்கய்யா கீது?" என்று கேட்டார். பிறகு மெதுவாக, "விதைச்சவன் தண்ணி பாய்ச்சணும். போய் லெட்டர் போடு" என்றார்.

அதனால்தான் ராத்திரியெல்லாம் எழுத்துக் கூட்டி இந்தக் கடிதம்.

ஜெயா, இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன கோடையில் நீ இருமினபோது, தூங்க விடமாட்டேன் என்கிறாயே என்று கத்திவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே போய்ப் படுத்தேன். ஆடி மாதம் உன்னை அங்கே சேர்த்துவிட்டு வந்ததிலிருந்து வீட்டுக்குள்தான் படுக்கிறேன். ஒரு சத்தமும் இல்லை. தூக்கமும் இல்லை. நீ பக்கத்தில் இருந்த இருபத்திரண்டு வருஷத்துக்கும் நான் ஒரு ஞாயிறுகூட எழுந்து நின்று நன்றி சொன்னதில்லை. சொன்னதையே மறுபடி சொல்லலாம் என்று உபதேசியார் சட்டம் போட்டிருந்தால், இப்போது அதையே வாராவாரம் சொல்லுவேன்.

யார் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டாயாம். மெழுகின வீடு காத்திருக்கிறது. வெட்கங்கெட்ட கோழி காத்திருக்கிறது. மூன்றாவது ஆளின் பேரை நான் எழுதமாட்டேன், உனக்கே தெரியும்.

கதிர்க்கட்டு ஈரமாக இருந்தால் நல்ல கனம் கனக்கும். முட்டையைச் சாப்பிட்டால்தான் கழுத்து தாங்கும். நர்ஸம்மா, வாசித்து முடித்ததும் தலையணையைத் தூக்கிப் பாருங்கள்.

கர்த்தர் உன் எலும்புகளுக்குப் பெலன் தருவாராக. என்னைச் சபையில் பொய்யனாக்கிவிடாதே, ஜெயா.

இப்படிக்கு,
உன்னை நம்பி முன்கூட்டியே ஸ்தோத்திரம் சொல்லிவிட்ட உன் புருஷன்,
சின்னராசு