குப்பச்சி ஏன் கதவைத் திறந்தாள்

பங்காருபாளையம்,
28-4-2025

அகிலாவுக்கு,

அன்புள்ள என்று தொடங்கக் கை வரவில்லை. உன் நம்பரை என் போனில் தடுத்து வைத்து இரண்டு வருஷம் ஆகிறது, எடுக்கும் எண்ணமும் இல்லை. ஆகவே கடிதம். தமிழில் எழுதுவதில் ஒரு வசதி உண்டு. வழியில் யார் பிரித்தாலும் பாதிப் பேருக்குத் தெலுங்குதான் படிக்க வரும்.

நீ யூடியூபில் போட்ட வீடியோவைப் பார்த்தேன். நானாகத் தேடிப் போகவில்லை. மாங்காய் மண்டியில் வெங்கடசாமி போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, "இன்னா ஏழுமல, உன் தங்கச்சி குப்பச்சிய சாமியாக்கிட்டா போலகீதே?" என்று சிரித்தான். சுற்றி நின்ற பத்துப் பேரும் சிரித்தார்கள். 'கதவைத் திறந்தவள் துரோகியா?' என்று தலைப்பு. கீழே கூத்து வேஷத்தில், தலையில் பூ வைத்த என் முகம்.

நம் ஊர்க் கூத்தின் கதையை நீ சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய். எதிரி நாற்பது நாள் கோட்டையை வளைத்து நிற்கிறான். காவல்காரன் செத்துப்போய், சாவி அவன் பெண்டாட்டி குப்பச்சியிடம் வருகிறது. எதிரி கொடுத்த தங்க வளையலுக்கு ஆசைப்பட்டு அவள் கதவைத் திறக்கிறாள். உள்ளே எல்லோரும் வெட்டுப்படுகிறார்கள். கூத்து முடிந்து விடிகிறபோது குப்பச்சி வேஷக்காரன் மேல் ஊரே அடுப்புச் சாம்பலைப் போடுகிறது, அந்த வருஷத்து நோய் அதோடு போகட்டும் என்று. அவள் நம் வீட்டில் பிறந்தவள் என்பதால் வேஷம் நம் வீட்டு ஆணுக்கு. நம் வீட்டுப் பெண்கள் மட்டும் சாம்பலைத் தொடக் கூடாது. இவ்வளவும் சரி.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "இன்றைக்கும் ஒரு வீட்டில் பெண்ணை உள்ளே வைத்துப் பூட்டுகிறார்கள்" என்று சொல்லி, என் வீட்டுப் பின்கட்டுக் கதவின் போட்டோவைக் காட்டியிருக்கிறாய். பேர் சொல்லவில்லையாம். அந்தப் பச்சைக் கதவைத் தெரியாதவன் இந்த ஊரில் எவன்?

வீடியோவை எடுத்துவிடு. வேறு சொல்வதற்கில்லை.

ஏழுமலை

*

திருச்சானூர்,
5-5-2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உனக்கு வராத வார்த்தை எனக்கு வருகிறது, அதனால் எழுதிவிட்டேன். அண்ணி செல்லியம்மா சுகமா? உன் முழங்கால் வலி எப்படி? விசாரிக்காமல் விட்டால் அதற்கும் ஒரு கடிதம் போடுவாய்.

வீடியோவை எடுக்க மாட்டேன். காரணம் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

ஸ்டூடியோவில் நாள் முழுக்கக் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள் நான். யார் சிரிக்கிறார்கள், யார் சிரிப்பதுபோல் நடிக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. போன வருஷக் கூத்துப் பதிவைப் பதினொரு தடவை ஓட்டிப் பார்த்தேன். கோட்டைக்குள் பாளையக்காரரின் குதிரைக்குக் குடம் குடமாகத் தண்ணீர் போகிறது. அடுத்த காட்சியில் குப்பச்சி தன் பானையைச் சாய்த்து உள்ளே பார்க்கிறாள். அங்கே பாட்டு இல்லை, வசனம் இல்லை. நீ பார்க்கிறாய், அவ்வளவுதான். பிறகு வளையல் வருகிறது. அவள் அதைக் கையில் போடுவதே இல்லை, அந்தக் காலிப் பானைக்குள் போட்டுவிடுகிறாள். வளையலுக்கு ஆசைப்பட்டவள் ஒரு தடவை போட்டுப் பார்க்க மாட்டாளா? அவள் பிள்ளை தண்ணீரில்லாமல் கிடக்கிறது, அதனால் திறந்தாள். இது உன் ஆட்டத்திலேயே இருக்கிறது. நைனா சொல்லிக்கொடுத்ததை இருபத்திரண்டு வருஷமாக ஆடுகிறாய், ஏன் என்று ஒரு நாள் கேட்டதில்லை. டிவி சீரியல்காரர்களும் உன்னைப் போலத்தான். வில்லி என்றால் கண்மையைக் கூட்டி, முகத்துக்குக் கீழேயிருந்து விளக்கைப் போட்டால் வேலை முடிந்தது. அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்ற கேள்வியே கிடையாது.

இனி அந்தப் பச்சைக் கதவு. பூட்டியது நீ. நர்சிங் படிக்கிறேன் என்றதற்குப் பெற்ற மகளை மூன்று நாள் உள்ளே வைத்துப் பூட்டி, நகரியில் தறி ஓட்டும் உன் மச்சான் சாய்குமாரோடு கல்யாணத்துக்குத் தேதி குறித்தாய். நீ லோடோடு மண்டிக்குப் போன நேரம் பார்த்து நான் வந்தேன். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தேன், திறந்தேன், கூட்டிக்கொண்டு போனேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையே செய்வேன்.

சந்தியா இப்போது இரண்டாம் வருஷம். என்னோடுதான் இருக்கிறாள். இளைக்கவில்லை. நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

அகிலா

*

பங்காருபாளையம்,
11-5-2025

அகிலாவுக்கு,

நன்றாக எழுதுகிறாய். வளையல் விஷயத்தை மட்டும் நைனாவிடம் கேட்டிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பார். கையில் போட்டால் அது சாவியில் இடித்துக் கலகலவென்று சத்தம் போடும், பின்பாட்டுக்காரர் திட்டுவார். அதனால் பானையில் போட்டார். உன் பதினொரு தடவை ஆராய்ச்சிக்குக் கிடைத்த பலன் இதுதான்.

பானைக்குள் பார்ப்பது நிஜம். தண்ணீர் இல்லை, அதுவும் நிஜம். அவள் ஆசைக்காரி என்று நானும் நினைத்ததில்லை. நீ எடிட் செய்கிறவள், நான் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு கதவருகே நிற்கிறவன். அங்கே நின்றால் வேறொன்று தெரியும். உள்ளே நாற்பது காவல்காரர்கள் தூங்குகிறார்கள். அவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளை உண்டு. ஒருவனையாவது எழுப்பி, "திறக்கப் போகிறேன்" என்று சொன்னாளா? சாம்பல் அதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டுதான் நான் வாங்கிக்கொள்கிறேன்.

நீயும் சொல்லவில்லை. என்னை விடு, நான் கெட்டவன். செல்லியம்மா மாட்டுக்குப் புல் அறுக்கப் போயிருந்தாள், பத்து நிமிஷம் நின்றிருந்தால் வந்திருப்பாள். திரும்பி வந்தவள் திறந்த கதவைப் பார்த்துவிட்டு, மகள் கிணற்றில் விழுந்துவிட்டாள் என்று கிணறு கிணறாக ஓடினாள். உன் போன் வர ராத்திரி ஆயிற்று. அதை உன் வீடியோவில் போட்டாயா?

பூட்டினது தப்புதான். எழுதிவிட்டேன், இதையும் போட்டோ எடுத்துக் காட்டு.

இளைக்கவில்லை என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். எனக்கு அவளைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. அதை உன்னிடம் சொல்ல வேண்டி வந்ததுதான் அவமானமாக இருக்கிறது.

ஏழுமலை

*

திருச்சானூர்,
17-5-2025

அண்ணாவுக்கு,

கேட்கவில்லை, சொல்லவில்லை என்று என்னைச் சொல்ல உனக்கு எப்படி வாய் வந்தது? பூட்டும்போது யாரைக் கேட்டாய்? அண்ணி கிணறு கிணறாக ஓடியது எனக்குத் தெரியாது. அதற்கு வருத்தப்படுகிறேன். உனக்காக இல்லை, அண்ணிக்காக.

பார்க்க வேண்டும் என்றால் பார். முப்பதாம் தேதிக் கூத்துக்கு சந்தியா வருவாள். அன்றைக்கு எனக்குத் திருமலையில் கல்யாணம் இருக்கிறது, நான் வரவில்லை. என்னோடு வேலை செய்யும் முரளியைக் கேமராவோடு அனுப்புகிறேன். சந்தியாவை முன்வரிசையில் உட்காரச் சொல்லியிருக்கிறேன். நீலப் புடவை எடுத்து வைத்திருக்கிறேன், விளக்கு வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும். நீ கதவைத் திறக்கும்போது உன் முகம், உடனே அவள் முகம். அந்த ஒன்று போதும், குப்பச்சி யார் என்று ஊருக்கு விளங்கிவிடும். வீடியோவின் இரண்டாம் பகுதி அதுதான்.

சாம்பல் முடிந்ததும் எல்லோர் முன்னாலும் நீ அவள் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும். அதையும் முரளி எடுப்பான். சம்மதம் என்றால் எழுது, இல்லை என்றால் அவளை அனுப்ப மாட்டேன்.

அகிலா

*

பங்காருபாளையம்,
22-5-2025

அகிலாவுக்கு,

என் மகளுக்கு வேஷம் கட்டிவிட நீ யார்? நீலப் புடவையாம், வெளிச்சமாம். கேமரா வந்தால் தூக்கி வந்தவன் கால் உடையும்.

சந்தியா வந்தால் வரட்டும். வீட்டில் சோறு இருக்கும்.

ஏழுமலை

*

பங்காருபாளையம்,
2-6-2025

அகிலாவுக்கு,

உன் முரளி இரண்டு காலோடும் திரும்பி வந்திருப்பான். நீ கேட்ட படத்தைக் கொண்டு வந்திருக்க மாட்டான். நடந்ததை அவன் உன்னிடம் பாதிதான் சொல்லியிருப்பான் என்று நினைக்கிறேன்.

சந்தியா வந்தாள். நீலப் புடவை இல்லை, காலேஜ் யூனிஃபார்மில் வந்தாள். முன்வரிசையில் இல்லை, பெண்கள் பக்கத்தில் கடைசியில் நின்றாள். பானைக்குள் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் கண்டேன். அடுத்த அடி எனக்கு மறந்துபோயிற்று. பின்பாட்டுக்காரர் இரண்டு தடவை எடுத்துக் கொடுத்தார். எப்படியோ திறந்தேன்.

விடிந்து, சாம்பல் போட ஆரம்பித்தார்கள். உனக்கு ஒன்று தெரியாது, நீ அந்தப் பக்கம் நின்றதில்லை. யாரும் முகத்தில் போட மாட்டார்கள். தோளில், முதுகில், சிரித்துக்கொண்டு போடுவார்கள். சந்தியா முரளியிடம், "அண்ணா, அந்தக் கேமராவ கீழ வை" என்றாள். அவன் வைத்தான். அவள் நேரே வந்து இரண்டு கையிலும் அள்ளினாள். வெங்கடசாமி, "யம்மா, உங்க ஊட்டுப் பொண்ணு தொடக் கூடாதும்மா!" என்று கத்தினான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் முகத்தில் அடித்தாள்.

ஊர் குப்பச்சி மேல் போட்டது. அவள் ஏழுமலை மேல் போட்டாள். எனக்கு வித்தியாசம் தெரியும். கண் இரண்டும் எரிந்தது, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவளே பாட்டில் தண்ணீர் ஊற்றி, இமையை விரித்துக் கழுவினாள். நன்றாகப் படிக்கிறாள் போலிருக்கிறது.

கழுவிக்கொண்டே சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "நைனா, நீ பூட்டசொல்லோ என்னிய கேக்கல. அத்தையும் கேக்கல. அம்மா வந்துரட்டும், ஒரு வார்த்த சொல்லிக்கினு வரேன்னு அழுதேன், கையப் புடிச்சி ஆட்டோவுல ஏத்திட்டாங்க. இப்ப அந்தக் கதவு யாரு ஊட்டுக் கதவுன்னு காலேஜ் பூரா தெரியும். குப்பச்சி குப்பச்சின்னு ரெண்டு பேரும் அடிச்சிக்கினு கீறீங்க. அத்தைக்கும் ஒரு கை சாம்பல் வெச்சிக்கினுதான் கீறேன்."

அந்த "அம்மா வந்துரட்டும்" எனக்குத் தெரியாது. நீ எழுதவில்லை, வீடியோவிலும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தாள். நான் கையைப் பிடிக்கவில்லை, அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால் போனேன். "துன்னுட்டுப் போ கண்ணு" என்று செல்லியம்மா பரிமாறினாள். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். அந்தப் பச்சைக் கதவு அறைக்குள் போய்த் தன் பழைய புத்தகங்களை எடுத்துக்கொண்டாள். பத்து மணிச் சித்தூர் பஸ்ஸில் கிளம்பிவிட்டாள்.

உன் வீட்டில் இனி இருக்க மாட்டாள். தோழிகளோடு அறை எடுத்திருக்கிறாள், இதற்குள் துணிமணியை எடுத்துப் போயிருப்பாள். எங்கே என்று எனக்குச் சொல்லியிருக்கிறாள். உனக்கும் அவளே சொல்வாள், சொல்ல வேண்டும் என்று தோன்றினால். ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள்: "பேசணும்னா என்கிட்ட பேசு நைனா. என்னப் பத்தி நீயும் அத்தையும் பேசிக்காதீங்க." சரி என்று தலையாட்டினேன். நடந்ததை அத்தைக்கு ஒரு தடவை எழுதிவிடட்டுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "ஒரே ஒரு தபா" என்றாள். அது இந்தக் கடிதம்.

அவளைப் பற்றியதை விட்டுவிட்டால் உனக்கு எழுத எனக்கு வேறு என்ன இருக்கிறது என்று இரண்டு நாளாக உட்கார்ந்து யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. பதில் போடாதே.

ஏழுமலை