இரண்டு அட்டை மாத்திரை

ஜூன் 11, செவ்வாய்

அம்மாவுக்குக் காலையில் தோள்பட்டை ஆபரேஷன். சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். செராமிக் கம்பெனியில் பதினெட்டு வருஷம் களிமண் தட்டு தூக்கிக் கிழிந்துபோன தசைநார். மயக்க ஊசியில் கை இன்னும் மரத்துக் கிடக்கிறது. “வலியே இல்லடி, நாளைக்கே வேலைக்குப் போவலாம் போல” என்கிறாள். மாத்திரைச் சீட்டை நர்ஸ் என்னிடம்தான் கொடுத்தார். வீட்டில் டிகிரி முடித்தவள் நான் ஒருத்திதானே.

ஜூன் 12

மரப்பு போய்விட்டது. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சுவரையே பார்க்கிறாள்.

ஜூன் 13

மங்கலம்பேட்டை வாசுகி அத்தை வந்தார். மாமா குவைத்திலிருந்து கொண்டுவந்த வலி மாத்திரை ஓர் அட்டை. “ஒண்ணு போட்டா வலி பறந்துடும். ஏம்மா சங்கரி, படிச்ச புள்ள, டாக்டர் மாத்திரையோட சேத்துக் குடுக்கலாமா?”

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். அட்டையைத் திருப்பினேன். பொடி எழுத்து. தெரியாது என்று சொல்ல வெட்கம்.

“குடுக்கலாம் அத்த.”

ஜூன் 15

நேற்றிலிருந்து வேளாவேளைக்கு இரண்டையும் கொடுத்தேன். வலி குறைந்தது. எனக்குப் பெருமைகூட.

மத்தியானம் வாந்தி எடுத்தாள். மறுபடியும். இப்போதுதான் இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிறேன். பேர்தான் வேறு. இரண்டிலும் பாராசிட்டமால். இரட்டை அளவு — நானே தண்ணி ஊத்திக் குடுத்து — ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சேன்?

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். அட்டைகளோடு உடனே வரச் சொல்கிறார்கள்.

ஜூன் 16

நேற்று போனதும் ரத்தம் எடுத்தார்கள். “கல்லீரல் என்ன ஆயிருக்கோ. யாரு சேத்துக் குடுத்தது?” என்றார் டாக்டர். நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். “நானாத்தாங்க முழுங்கினேன். எம் பொண்ணு வேணாம்னுதான் சொல்லுச்சு.”

“படிச்ச பொண்ணு சொல்லியும் கேக்கலன்னா எப்படிம்மா?”

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நான் சும்மா நின்றேன். சும்மா.

ஜூன் 17

ரிசல்ட் வந்தது. கல்லீரலுக்கு ஒன்றுமில்லை. சோறு இறங்குகிறது அம்மாவுக்கு. எனக்கு இறங்கவில்லை.

ஜூன் 24

தையல் பிரித்தார்கள். அம்மா வெளியே போனதும் டாக்டரிடம் சொன்னேன். “அன்னைக்குக் குடுக்கலாம்னு சொன்னது நான்தான் சார். அம்மா இல்ல.”

ஷேர் ஆட்டோவில் அம்மா கேட்டாள். “உள்ள இன்னாடி பேசின இம்மாம் நேரம்?”

சொன்னேன்.

“லூசு! அதான் நான் திட்டு வாங்கிட்டேன்ல.” என் பக்கம் திரும்பி, “உன்னத் திட்டுனாரா?”

“நல்லா.”

“எம் பொண்ணத் திட்ட அவரு யாரு?” என்று கத்தினாள். ஷிஃப்ட் முடிந்து ஏறியிருந்த கம்பெனிப் பெண்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.